ரதர்போர்டின் அணு இடிந்து விழும் என்றால் அதை ஏன் வெளியிட்டார்?

வெள்ளவத்தை_அப்பா:
மகள் இந்த முறை உயர்தரம் எடுக்கிறாள், கணிதப் பிரிவு. இரசாயனவியலில் முதல் அலகே அணுக்கட்டமைப்பு. ரியூசன் நோட்ஸில் கதை இப்படிப் போகிறது: தாற்றன் சொன்னது பிழை, தொம்சன் வந்தார். தொம்சன் பிழை, ரதர்போர்ட் வந்தார். ரதர்போர்ட் பிழை, நீல்ஸ் போர் வந்தார். ஒவ்வொருவருக்கும் கீழே 'குறைபாடுகள்' என்று இரண்டு வரி. ரதர்போர்டுக்குக் கீழே: கருவைச் சுற்றும் இலத்திரன் ஆர்முடுகலுறுகிறது (அதன் திசை மாறிக்கொண்டே இருக்கிறது), ஆகவே சக்தியைக் கதிர்வீச வேண்டும், சுருண்டு சுருண்டு கருவுக்குள் விழ வேண்டும்.

அவள் கேட்பது இதுதான். ஆர்முடுகலுறும் ஏற்றம் கதிர்வீசும் என்பது 1911க்கு முன்னமே தெரிந்த விசயம். 1908இல் நோபல் பரிசு வாங்கிய மனுசனுக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்திருந்தால் எந்தத் துணிவில் வெளியிட்டார்? வகுப்பில் கேட்டதற்கு "சோதனைக்கு வராது" என்று பதிலாம். நான் வர்த்தகம் படித்தவன், என்னிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. யாராவது சொல்லுங்கள்.

காகிதப்புலி:
சோதனைக்கு வராது என்று சொன்னால் அடுத்த வருசம் கட்டாயம் வரும், கவலைப்படாதீர்கள்.

ரியூசன்மாஸ்டர்:
நானும் கொட்டாஞ்சேனைப் பக்கம் இரசாயனவியல் படிப்பிக்கிறவன்தான், அதனால் அந்த ஆசிரியருக்காக ஒரு வார்த்தை. மண்டபம் நிறையப் பிள்ளைகள், ஒலிவாங்கியில்தான் படிப்பிக்க வேண்டும், முதல் அலகுக்குக் கிடைப்பது இரண்டு கிழமை. ஒருவர் கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொன்னால் சக்திச் சொட்டெண்ணுக்கு வருவதற்குள் தவணை முடிந்துவிடும். பிழை, அடுத்த ஆள், பிழை, அடுத்த ஆள் என்ற ஒழுங்கு மனதில் நிற்க லேசு. சுருக்கமான பதில்: மெல்லிய உலோகத் தகட்டில் பட்டு அல்பாத் துணிக்கைகள் சிதறுவதை மட்டும்தான் ரதர்போர்ட் விளக்க முயன்றார்.

நாலாம்வரி:
மாஸ்டர் சொன்ன சுருக்கம் சரி. ஆனால் அந்த 'பிழை, அடுத்த ஆள்' ஒழுங்கில்தான் எனக்குக் கோபம். (கொழும்புக் கம்பஸில் பௌதிகம் படித்தேன், இப்போது வேறு வேலை.)

வெள்ளவத்தை அண்ணா, உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: அவருக்குத் தெரியும். 1911 மே மாதம் வந்த கட்டுரையிலேயே அது இருக்கிறது. இப்படியான ஓர் அணு நிலைத்து நிற்குமா என்ற கேள்வியை இந்தக் கட்டத்தில் எடுக்கத் தேவையில்லை, அது அணுவின் நுண்ணமைப்பையும் உள்ளே இருக்கும் ஏற்றங்களின் இயக்கத்தையும் பொறுத்தது என்று எழுதி, கேள்வியை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டுப் போகிறார். மறைக்கவும் இல்லை, தெரியாமல் விடவும் இல்லை.

ஏன் ஒதுக்க முடிந்தது? அந்தக் கட்டுரை இலத்திரன் எங்கே எப்படிச் சுற்றுகிறது என்று சொல்லவே இல்லை. நோட்ஸில் வரையும் படம் இருக்கிறதே, நடுவில் கரு, சுற்றி வட்டங்கள், அது அந்தக் கட்டுரையில் கிடையாது. அவர் கணக்கில் நடுவில் ஒரு புள்ளி ஏற்றம், அதைச் சுற்றி அணு முழுக்கப் பரவிய எதிர்க்குறி ஏற்றம், அவ்வளவுதான். நடுவில் இருப்பது நேரா மறையா என்றுகூட முடிவு கட்டவில்லை, ஏனென்றால் சிதறல் கணக்குக்கு இரண்டும் ஒரே விடையைத் தரும். 'விழுந்துவிடும்' என்ற குற்றச்சாட்டு பிறகு வரைந்த படத்தின் மேல் வைப்பது.

உயர்தரம்_மாணவன்:
அக்கா, அப்படியென்றால் தொம்சனின் மாதிரியுரு ஏன் சரிவராது என்று எண்ணில் காட்ட முடியுமா? நோட்ஸில் "பெரும்பாலானவை நேரே சென்றன, சில விலகின, மிகச் சில திரும்பி வந்தன" என்று மூன்று வசனம் மட்டும்தான். தொம்சனிலும் கொஞ்சம் விலகும்தானே?

நாலாம்வரி:
நல்ல கேள்வி தம்பி. விலகும். எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்கைச் செய்து பாருங்கள்.

பொன் அணுவின் ஆரை ஏறக்குறைய 1.4 × 10⁻¹⁰ மீற்றர். தொம்சன் சொன்னபடி 79 அலகு நேரேற்றம் அந்தக் கோளம் முழுக்கப் பரவியிருக்கிறது என்று வையுங்கள். கோளத்தின் மேற்பரப்புக்கு வரும் அல்பாத் துணிக்கையின் அழுத்தச் சக்தி சுமார் 1,600 இலத்திரன்வோல்ற்று. துணிக்கையிடம் இருக்கும் இயக்கச் சக்தியோ 77 இலட்சம் இலத்திரன்வோல்ற்று. ஓர் அணு அதைத் திருப்பக்கூடிய கோணம் ஒரு பாகையின் நூறில் ஒன்று இரண்டு பங்குதான்.

ஆனால் தகட்டில் ஓர் அணுவா இருக்கிறது? ரதர்போர்டின் ஆய்கூடத்தில் சிதறலை அளந்த கெய்கர் பாவித்த பொற்றகடு ஒன்றின் தடிப்பு 0.00004 சென்ரிமீற்றர். அதுவே ஆயிரத்துக்கு மேல் அணுப்படைகள். ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று சிறிது தட்டிவிட, மொத்த விலகல் ஒரு பாகை அளவுக்கு வந்துவிடும். கெய்கர் அளந்தது 0.87 பாகை. கவனியுங்கள், இதுவரை தொம்சனுக்கு ஒரு சேதமும் இல்லை! தொம்சன் 1910இல் சிதறலை இப்படிப் பல சிறு தட்டல்களின் கூட்டாகத்தான் விளக்கினார்.

பிரச்சினை வந்தது வாலில், அதாவது மிகப் பெரிய கோணங்களில். அதே பொற்றகட்டில் ஏறத்தாழ 20,000இல் ஒன்று சராசரி 90 பாகை திரும்பியது. சிறு தட்டல்கள் எல்லாம் தற்செயலாக ஒரே பக்கம் சேர்ந்து 90 பாகை வர வேண்டும் என்றால், அந்த நிகழ்தகவு பூச்சியத்துக்குப் பிறகு எத்தனை பூச்சியம் என்று எழுதிக் கை நோகும். ஆகவே ஒரே மோதலில்தான் திரும்பியிருக்க வேண்டும். ஒரே மோதலில் திருப்ப வேண்டுமானால் ஏற்றம் முழுவதும் 10⁻¹⁴ மீற்றர் அளவான இடத்துக்குள் அடங்க வேண்டும். ரதர்போர்ட் நடு ஏற்றத்தை 100 அலகு என்று வைத்து, நேருக்கு நேர் வரும் துணிக்கை 3.4 × 10⁻¹⁴ மீற்றர் வரை நெருங்கும் என்று கணித்தார். கரு என்பது இந்தக் கணக்கின் விடை.

காகிதப்புலி:
அந்த 20,000இல் ஒன்றை யார் எண்ணினது? 1909இல் கணினியா இருந்தது?

நாலாம்வரி:
கண்ணால்தான். கெய்கரும், அப்போது 20 வயது மாணவரான மார்ஸ்டனும். மான்செஸ்ரரில் ஓர் இருட்டறை. முதலில் கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா உட்கார வேண்டும். பிறகு நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து, நாக சல்பைட்டுத் திரையில் ஒரு சிறு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அல்பாத் துணிக்கை படும் இடத்தில் மங்கலாக ஒரு மினுக்கம். நிமிடத்துக்கு 90க்கு மேல் வந்தால் கண் பிந்திவிடும், மிகக் குறைவாக வந்தால் எண்ணிக்கையை நம்ப முடியாது. சிறு கோணத்தில் மினுக்கம் கொட்டும், பெரிய கோணத்தில் காத்திருக்க வேண்டும். ரதர்போர்டுக்கு இந்த வேலைக்குப் பொறுமை கிடையாது, இரண்டு நிமிடத்தில் திட்டிவிட்டு எழும்பிவிடுவாராம். 1913இல் வெளிவந்த இறுதிச் சோதனைகளில் அந்த இருவரும் ஒரு இலட்சத்துக்கு மேல் மினுக்கங்களை எண்ணினார்கள். கோணம், தகட்டுத் தடிப்பு, துணிக்கையின் வேகம் என்று ஒவ்வொன்றாக மாற்றி, 1911இன் சூத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். பொருந்தியது.

அப்புறம், 'பொற்றகட்டுப் பரிசோதனை' என்று படித்தாலும் 1909இல் பின்னோக்கித் திரும்பியவற்றை எண்ணியது பிளாற்றினம் தகட்டில். 8,000இல் ஒன்று. ஈயம், வெள்ளி, செம்பு, அலுமினியம் என்று வேறு உலோகங்களும் வைத்துப் பார்த்தார்கள்.

ரியூசன்மாஸ்டர்:
சரி, ரதர்போர்டை விடுவோம். தொம்சனுடையது அசையாத மாதிரியுருதானே? புடிங்கில் பதித்த முந்திரிகை வற்றல் மாதிரி இலத்திரன்கள். நான் அப்படித்தான் வருசா வருசம் வரைகிறேன்.

பழைய_திண்ணை:
மாஸ்டர், தொம்சனின் இலத்திரன்கள் அசையாமல் குந்தியிருக்கவில்லை. 1904 கட்டுரையில் அவை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, சீராகப் பரவிய நேரேற்றக் கோளத்துக்குள்ளே. ஒரு வளையத்தில் எத்தனை இலத்திரன் நிலையாக நிற்கும், அடுத்தது வந்தால் எது உள்ளே போகும் என்பதுதான் அவருடைய வேலை முழுவதும். ஐந்து வரை ஒரே வளையம். ஆறாவது வந்தால் ஒன்று நடுவுக்குப் போக வேண்டும். இந்த வளைய எண்ணிக்கைகள் திரும்பத் திரும்ப வருவதில் ஆவர்த்தன அட்டவணையின் சாயலைக் கண்டார். 'வெளி ஓட்டில் இத்தனை' என்று நாம் சொல்லும் பேச்சுக்கு மூத்த பேச்சு அது.

இப்போது வெள்ளவத்தைத் தம்பியின் மகள் கேட்டதற்கு வருகிறேன். சுற்றும் இலத்திரன் கதிர்வீசும் என்பது தொம்சனுக்கும் தலையிடிதான். அவர் அதற்குக் கணக்கோடு பதில் வைத்திருந்தார். ஒரே வளையத்தில் சம தூரத்தில் பல இலத்திரன்கள் சுற்றினால் அவை வீசும் அலைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். ஒளியின் வேகத்தில் நூறில் ஒரு பங்கு வேகத்தில் ஆறு இலத்திரன் சுற்றினால், தனி இலத்திரனோடு பார்க்க மொத்த இழப்புக் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. அணுவுக்குள் ஆயிரக்கணக்கில் இலத்திரன் இருப்பதாக அப்போது அவர் நினைத்திருந்தார், ஆகவே கவலையே இல்லை.

அந்த நிம்மதியைக் கெடுத்ததும் அவரேதான். 1906இல் மூன்று வேறு வழிகளில் கணித்து, இலத்திரன்களின் எண்ணிக்கை அணுநிறையின் அளவுக்குத்தான் வரும் என்று காட்டினார். ஐதரசனுக்கு ஒன்று என்ற அளவு. ஒன்றே ஒன்று என்றால் எதனோடு சேர்ந்து அலையை அழிப்பது? திணிவு முழுவதும் நேரேற்றப் பக்கம் போய்விட்டது. நோட்ஸில் 'தொம்சனின் குறைபாடுகள்' என்று இருக்கும் இடத்தில் இதை எழுதலாம். ரதர்போர்ட் வருவதற்கு முன்பே வந்த விரிசல் இது.

உயர்தரம்_மாணவன்:
ஐயா, ஆறாவது நடுவுக்குப் போகும் என்பது கணக்கில் மட்டுமா, பார்க்கவும் முடியுமா?

பழைய_திண்ணை:
பார்க்கலாம். அமெரிக்காவில் அல்பிரட் மேயர் என்பவர் 1878இல் செய்து காட்டியது, தொம்சன் அதை உதாரணமாக எடுத்தார். தையல் ஊசிகளைக் காந்தமாக்கி, சின்ன ரெஜிபோம் துண்டுகளில் நிமிர்த்திக் குத்துங்கள். எல்லாவற்றிலும் ஒரே முனைவு மேலே இருக்க வேண்டும், அதில் பிசகினால் ஒட்டிக்கொள்ளும். அலுமினியச் சட்டியில் தண்ணீர் விட்டு மிதக்க விடுங்கள் (இரும்புச் சட்டி வேண்டாம்). பழைய ஸ்பீக்கரின் காந்தம் ஒன்றை மேலே பிடியுங்கள், ஊசிகளை இழுக்கும் முகம் கீழே.

உயர்தரம்_மாணவன்:
செய்தேன். மூன்று ஊசி முக்கோணம், நான்கு சதுரம். ஐந்து சில வேளை ஐங்கோணம், சில வேளை நாலும் நடுவில் ஒன்றும். காந்தத்தைக் கொஞ்சம் ஆட்டினால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுகிறது. ஆறாவதைப் போட்டதும் ஒன்று நடுவுக்கு நழுவியது, ஐந்து சுற்றி நின்றன. அம்மா ஊசிப்பெட்டியைத் தேடுகிறா.

வெள்ளவத்தை_அப்பா:
இங்கேயும் சட்டி ஏறிவிட்டது. மகளுக்கு இன்னொரு கேள்வி: கருவைச் சுற்றி வளையம் என்று ஜப்பானில் ஒருவர் முதலே சொன்னாராமே?

நாலாம்வரி:
நகஒக்கா ஹன்தாரோ, தோக்கியோ, அதே 1904. நடுவில் பெரிய நேரேற்றம், சுற்றிச் சனிக்கிரகத்துக்கு இருப்பதுபோல் இலத்திரன் வளையம். சனியின் வளையம் ஏன் குலையாமல் நிற்கிறது என்று மாக்ஸ்வெல் செய்த கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் சனியின் வளையத்தில் கற்கள் ஒன்றையொன்று இழுக்கும், இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளும். அந்தக் குறி மாற்றத்தில் வளையம் நிலைகுலைந்துவிடும் என்று ஷொட் என்பவர் உடனேயே எதிர்த்தார். ரதர்போர்ட் தன் 1911 கட்டுரையில் நகஒக்காவைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் நகஒக்காவிடம் நடுவில் எவ்வளவு, எத்தனை சிறிது என்று சொல்ல ஓர் அளவீடு இருக்கவில்லை. முதலில் சொன்னவர் யார் என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை.

இந்தக் குறி மாற்றம்தான் போரிடமும் வருகிறது. 1912 கோடையில் மான்செஸ்ரரில் இருந்தபோது போர் ரதர்போர்டுக்காக எழுதிய குறிப்பில் முதல் தலையிடி கதிர்வீச்சு இல்லை. கருவைச் சுற்றும் இலத்திரன் வளையம் வெறும் பொறிமுறைக் கணக்கிலேயே நிலைக்காது என்பதுதான். தொம்சனின் கோளத்தில் நிலைத்த வளையம், அந்தக் கோளத்தை எடுத்துவிட்டுக் கருவை வைத்ததும் ஆடத் தொடங்கிவிட்டது. வழமையான இயக்கவியல் போதாது, பிளாங்கின் மாறிலி உள்ளே வந்தே ஆக வேண்டும் என்று அவர் பிடித்துக்கொண்டது இதிலிருந்து.

ரியூசன்மாஸ்டர்:
அப்போ ஐதரசன் நிறமாலையை விளக்கத்தானே போர் கொள்கை என்று நாங்கள் படிப்பிப்பது?

நாலாம்வரி:
நிறமாலை பிந்தித்தான் வந்தது மாஸ்டர். ஐதரசன் கோடுகளின் அலைநீளங்களைத் தரும் பாமரின் சூத்திரம் 1885இலிருந்து புத்தகத்தில் கிடந்தது. கோப்பன்ஹேகனில் நிறமாலை வேலை செய்த நண்பர் ஹன்சன் கேட்ட பிறகுதான் போர் அதை எடுத்துப் பார்க்கிறார், 1913 தொடக்கத்தில். பிறகு சில கிழமையில் முதல் கட்டுரை தயார்.

அதற்கு முன் ஐதரசன் எப்படித் திண்டாட வைத்தது என்று பாருங்கள். தொம்சனின் கோளத்தில் ஒரே ஓர் இலத்திரன் என்றால் அது நடுவில் ஓய்வாக இருக்கும், விழும் பிரச்சினையே இல்லை. தட்டினால் எளிமை இசை இயக்கம். கோளத்தின் ஆரையை 10⁻¹⁰ மீற்றர் என்று போட்டு மீடிறனை (அதிர்வெண்ணை) கணியுங்கள், உயர்தரப் பௌதிகம் போதும். 2.5 × 10¹⁵ ஹேட்ஸ் வரும், அலைநீளம் சுமார் 120 நனோமீற்றர், புறஊதா. அளவு கெட்டதில்லை. ஆனால் ஒரே ஒரு கோடு! பாடசாலை ஆய்கூடத்தில் ஐதரசன் குழாயைக் கீற்றணியால் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடும் சிவப்பு 656, நீலப்பச்சை 486, பிறகு ஊதாப் பக்கம் 434, 410. எங்கள் ஆய்கூடத்தில் குழாய் சூடேறினதும் அந்தக் கடைசிக் கோடு எனக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் நின்றவள் தெரியுது தெரியுது என்பாள்.

போர் செய்தது துணிச்சலான காரியம். சில பாதைகளில் இலத்திரன் கதிர்வீசாது என்று வெறுமனே அறிவித்தார், காரணம் சொல்லவில்லை. ஒரு மட்டத்திலிருந்து மற்றதுக்குப் பாயும்போது சக்தி வித்தியாசம் ஒளியாக வரும். இலத்திரனின் ஏற்றம், திணிவு, பிளாங்கின் மாறிலி மூன்றையும் மட்டும் வைத்துப் பாமர் சூத்திரத்தின் மாறிலியைக் கணித்தால் 3.1 × 10¹⁵ வந்தது. அளந்த பெறுமானம் 3.29 × 10¹⁵. அந்தக் காலத்து அளவீட்டு வழுவுக்குள் சரி.

ரதர்போர்ட் கையெழுத்துப் பிரதியை வாசித்துவிட்டு எழுதிய பதிலில் ஒரு கேள்வி: எந்த மீடிறனில் அதிர வேண்டும் என்று இலத்திரன் எப்படி முடிவு செய்கிறது, எங்கே போய் நிற்கப்போகிறது என்று அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டுமே? இதற்குப் போரிடம் பதில் இல்லை. கருவைத் தந்த மனுசனே முதல் ஆளாகக் குறையைக் கண்டுபிடிக்கிறார், அதே மூச்சில் கட்டுரையை வெளியிடவும் உதவுகிறார். மகளின் 'எந்தத் துணிவில்' என்ற கேள்வி போருக்குத்தான் இன்னும் கூடப் பொருந்தும்.

காகிதப்புலி:
காரணம் சொல்லாமல் அறிவித்தால் யார் நம்பினது?

நாலாம்வரி:
எல்லாரும் உடனே நம்பவில்லை. சில நட்சத்திரங்களிலும் பிறகு லண்டனில் நிறமாலை ஆய்வாளர் பவுலரின் குழாயிலும் தெரிந்த சில கோடுகளை ஐதரசன் என்று வைத்திருந்தார்கள். போர் அவை இலத்திரன் ஒன்றை இழந்த ஈலியம் என்றார். அப்படியானால் ஈலியத்தின் மாறிலிக்கும் ஐதரசனின் மாறிலிக்கும் உள்ள விகிதம் சரியாக 4 வர வேண்டுமே, நான் அளந்தது 4.0016 என்று பவுலர் மடக்கினார். கருவும் சிறிது அசையும், அதன் திணிவையும் கணக்கில் சேருங்கள் என்று போர் திரும்பக் கணித்தார்: 4.00163. இதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு மறுப்பது கஷ்டம். அதே காலத்தில் மோஸ்லியின் எக்ஸ் கதிர் அளவீடுகள் வேறு வந்து, அணுவெண் என்பது கருவின் ஏற்றம் என்று நிறுவிவிட்டன. மோஸ்லி 1915இல் கலிப்பொலி யுத்தமுனையில் இறந்துபோனார், 27 வயது.

பழைய_திண்ணை:
'விழுந்துவிடும்' என்று எல்லாரும் லேசாகச் சொல்கிறோம். ஐதரசன் அணுவின் அளவிலிருந்து தொடங்கினால் 10⁻¹¹ செக்கன் அளவில் விழும் என்பது வழமையான கணக்கு. அந்தக் கணக்கு ஒரு குறுக்குவழி. கதிர்வீசும்போது அந்தக் கதிர்வீச்சு இலத்திரனைத் திருப்பி உதைக்கும் அல்லவா, அதை இயக்கச் சமன்பாட்டுக்குள்ளேயே வைத்தால் என்ன நடக்கும்? கேம்பிரிட்ஜ் பௌதிகவியலாளர் டிராக் 1938இல் அப்படி ஒரு சமன்பாடு எழுதினார். அதை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்துப் பார்த்தவர் நம்மவர், கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி, பிறகு கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜில் டிராக்கிடம். பின்னாளில் இங்கே கொழும்பில் கணிதப் பேராசிரியர்.

1943இல் வந்த அவருடைய முடிவு விசித்திரமானது. புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் வரும் இலத்திரன் புரோத்தனில் விழவே விழாது. நெருங்கி வந்து, நின்று, திரும்பி விலகி ஓடும், வேகம் கூடிக்கொண்டே போகும். கவரும் ஏற்றத்திடமிருந்து தப்பி ஓடும் இலத்திரன்! அணு காப்பாற்றப்பட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. புள்ளி இலத்திரனுக்கு எழுதிய அந்தப் பழைய வகைச் சமன்பாட்டிலேயே கோணல் இருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. இந்தப் பெயரை அணுக்கட்டமைப்புப் பாடத்தில் ஒரு தரமாவது சொல்லுங்கள் மாஸ்டர்.

ரியூசன்மாஸ்டர்:
சொல்கிறேன் ஐயா, அடுத்த தொகுதிக்குக் கட்டாயம். ஆனால் பிள்ளைகளே, பல்தேர்வில் தொம்சன் வந்தால் 'சீரான நேரேற்றக் கோளத்தில் பதிந்த இலத்திரன்கள்' என்ற விடையைத்தான் தெரிவு செய்ய வேண்டும். வளையம் சுற்றுகிறது என்று வாதாட அங்கே இடமில்லை.

உயர்தரம்_மாணவன்:
கட்டுரை வினாவில் எழுதினால் புள்ளி வெட்டுவார்களா சேர்?

ரியூசன்மாஸ்டர்:
கேட்டதை முதலில் எழுதி முடி. இடமிருந்தால் 1906ஐ ஒரு வரியில் போடு. ஊசிப் படம் வரைய வேண்டாம், நேரம் போய்விடும்.